குண்டு விழுந்த ஊரில் சாக்கடை வேலையை எங்கிருந்து தொடங்குவது?

இரவு வேலை இடைவேளையில் தே ஓ குடித்துக்கொண்டிருந்தபோது, சாக்கடைக் குழாய் சரிசெய்யும் எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் கேட்டான்: "அண்ணே, காஸா மாதிரி இடத்துல சண்டை ஓய்ஞ்சதும் சாக்கடை வேலைக்கு நம்மள அனுப்புனா எங்கேருந்து ஆரம்பிப்பீங்க?" நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் இருந்தவர், "பழசை அப்படியே விட்டுட்டு நம்ம ஊர் மாதிரி ஆழ்சுரங்கம் போட்டுடலாம்" என்றார். இடைவேளை முழுக்க அதே பேச்சுதான்.

ஆழ்சுரங்கத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூரில் நிலத்தின் ஆழத்தில் கழிவுநீரைக் கொண்டுபோகும் சுரங்கம் அது. கிராஞ்சியிலிருந்து சாங்கி வரை 48 கிலோமீட்டர், 2008ல் முடிந்த முதல் கட்டம். கழிவுநீர் சரிவிலேயே ஓடிப் போகும் என்பதால் வழியில் இருந்த பம்பிங் ஸ்டேஷன்களை மூடிவிட முடிந்தது, அதை மெச்சத்தான் வேண்டும். ஆனால் அது காசும் கரண்டும் அமைதியும் உள்ள ஊரில் வருடக்கணக்கில் நிதானமாகத் தோண்டியது. போர் முடிந்த ஊரில் மண்ணுக்குள் என்ன கிடக்கிறது என்றே தெரியாது. 2023 செப்டம்பரில் அப்பர் புக்கிட் தீமா கட்டுமான இடத்தில் 100 கிலோ குண்டு கிடைத்ததே, இரண்டாம் உலகப் போர்க் காலத்துச் சரக்கு. அதை வெடிக்கவைத்து அழிக்க 4,000க்கும் மேற்பட்டவர்களை வீட்டைவிட்டு வெளியேற்ற வேண்டியிருந்தது. நமக்கே இந்தப் பாடு என்றால், போன மாதம்வரை குண்டு விழுந்த தெருவில் தோண்டும் இயந்திரத்தை இறக்குவது எப்படியிருக்கும்?

அடுத்தது லாரி. தொட்டி வைத்து, நிரம்ப நிரம்ப உறிஞ்சி எடுத்துப் போவது. கூடார முகாமுக்கு இதைவிட வேகமான வழி கிடையாது, முதல் வாரத்திலேயே ஓட்டலாம். சிக்கல் எங்கே என்றால், லாரிக்கு டீசல் வேண்டும், இடிபாடு அகற்றிய சாலை வேண்டும், கொட்ட ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தைச் சரியாகப் பார்க்காவிட்டால் கிணறு போச்சு. யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்: சுண்ணாம்புக்கல் நிலம், குழியில் விட்டது நிலத்தடி நீருக்குச் சுலபமாக இறங்கிவிடும். இன்னொன்று, தற்காலிகம் என்று தொடங்குவது தற்காலிகமாக நிற்காது. சிங்கப்பூரிலேயே, 1910களில் குழாய் போடத் தொடங்கிய ஊரில், மலவாளி எடுப்பது 1987 ஜனவரியில்தான் நின்றது.

மூன்றாவது, இருப்பதைச் சரிசெய்வது. என் ஓட்டு இதற்குத்தான். தொழில்காரன் தன் தொழிலைத்தானே சொல்வான் என்பீர்கள், சரி, ஆனால் காரணம் இருக்கிறது. சாக்கடை நின்றுபோனால் எல்லோரும் உடைந்த குழாயைத்தான் நினைக்கிறார்கள். சமதளமான ஊரில் குழாய் முழுசாக இருந்தாலும் கரண்ட் போய்ப் பம்ப் நின்றால் போதும், தாழ்வான மேன்ஹோல் வழியே எல்லாம் தெருவுக்கு வந்துவிடும். அதனால் முதல் செலவு பம்புக்கும் ஜெனரேட்டருக்கும். அப்புறம் அடைத்த இடிபாட்டை நீர்ப்பீய்ச்சலால் கழுவி, கேமராவை உள்ளே விட்டுப் பார்ப்பது. குழி விழுந்து குழாயே காணாமல் போன இடத்தில், சரிவு கெட்ட இடத்தில், குண்டு தேடும் ஆட்களை முன்னே விட்டுத் தோண்டித்தான் ஆக வேண்டும், வேறு வழியில்லை.

விரிசல் மட்டும் விட்ட இடத்துக்கு லைனிங். ரெசின் என்னும் பிசினில் ஊறிய துணிக்குழாயை, காலுறையைத் திருப்புகிற மாதிரி, தண்ணீர் அழுத்தத்தில் பழைய குழாய்க்குள் செலுத்திச் சுடுநீர் விட்டால் உள்ளேயே புதுக்குழாயாக இறுகிவிடும். 1971லேயே லண்டனில் செய்துகாட்டிய முறை. தெருவைப் பிளக்க வேண்டாம். துணி எல்லா வீட்டு இணைப்பையும் மூடிவிடும் என்பதால், பிறகு ரோபோ கட்டரை விட்டு ஒவ்வொரு வாயாக வெட்டித் திறக்க வேண்டும். ஒருமுறை ஒரு வாயைத் திறக்க விட்டுவிட்டோம். காலை ஏழு மணிக்குக் கடைவீட்டுப் பாட்டி ஒருவர் துடைப்பத்தோடு வந்து நின்றார். போர் ஊரில் இதே விஷயம் வசதியாகவும் ஆகலாம்: தரைமட்டமான வீட்டின் வாயைத் திறக்காமல் விட்டால் மண்ணும் மழைநீரும் உள்ளே இறங்காது.

ஆனால் தண்ணீர் ஓடிவிட்டது என்று கைகழுவ முடியாது. பொஸ்னியாவின் தலைநகர் சரயேவோவின் சுத்திகரிப்பு ஆலை 1984ல் திறந்தது, 1992ல் போரோடு நின்றது, மறுபடி ஓடியது 2017ல். இருபத்தைந்து வருடம் நகரத்தின் கழிவு சுத்திகரிக்கப்படாமல் ஆற்றுக்குப் போனது. காஸாவில் 2024 ஜூனில் எடுத்த கழிவுநீர் மாதிரிகளில் போலியோ கிருமி இருந்தது. ஆகஸ்டில் ஒரு குழந்தைக்கே வந்துவிட்டது. ஆகவே பம்ப் ஓடத் தொடங்கிய அன்றே ஆலை வேலைக்கும் ஆள் போட வேண்டும். பெரிய ஆலைக்குக் காத்திராமல் பேட்டைக்கு ஒன்றாகச் சிறிய ஆலை வைக்கலாம் என்பார்கள். இடமும் இயக்கத் தெரிந்த ஆளும் இருந்தால் நல்லதுதான்.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் தம்பி கேட்டான்: "மேன்ஹோல் எங்கெங்க இருக்குன்னு யாருண்ணே காட்டுவாங்க? வரைபடம் எரிஞ்சிருக்குமே?" அதை நான் யோசித்திருக்கவில்லை. அந்த ஊரில் இருபது வருடம் மூடி திறந்த பழைய ஆள் யாராவது உயிரோடு இருந்தால், பம்புக்கும் முன்னால் அவரைத்தான் தேட வேண்டும் என்றேன். மூன்றரை மணி ஆகிவிட்டிருந்தது, விஷவாயு காட்டும் வாயுமானியை மாட்டிக்கொண்டு இறங்கினோம்.