ரேடியல் சாலையில் சைக்கிளில் ஆபீஸ்: இரண்டு வருஷ அனுபவம்

சென்னையில் கீழ்க்கட்டளையில் வீடு, துரைப்பாக்கத்தில் ஆபீஸ். 200 அடி ரேடியல் சாலை வழியாக ஒரு பக்கம் எட்டரை கிலோமீட்டர். சைக்கிளில் போய்வர ஆரம்பித்து இரண்டு வருஷம் தாண்டிவிட்டது. தினமும் போகிறேன் என்று பெருமையடிக்க மாட்டேன். வாரத்தில் பாதி நாளுக்கு மேல் சைக்கிள், கனமழை என்றாலோ சாயங்காலம் வேறெங்காவது போக வேண்டும் என்றாலோ ஸ்கூட்டர். அப்படிக் கலந்து ஓட்டுவதால்தான் இவ்வளவு நாள் தாக்குப்பிடித்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

விசாரிக்கிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது "கால் வலிக்காதா?" என்றுதான். கால் இரண்டு மூன்று வாரத்தில் பழகிவிடும். சென்னை மாதிரி சமதரையில் எட்டு கிலோமீட்டர் பெரிய விஷயமே இல்லை. நிறைய பேர் கால் தரையில் ஊன்ற வேண்டும் என்று சீட்டைத் தாழ்வாக வைத்து ஓட்டுகிறார்கள். முழங்கால் வலி பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. சீட்டில் உட்கார்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது அதன் மேல் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அந்த உயரத்துக்கு ஏற்றிக்கொண்டால் பாதி வலி போய்விடும். பழகவே பழகாத விஷயம் வியர்வைதான். அதற்கு வருகிறேன்.

முதலில் நேரக் கணக்கு. ஸ்கூட்டரில் நல்ல நாளில் 20 நிமிஷம். ஈச்சங்காடு பக்கம் மெட்ரோ வேலைக்குத் தடுப்பு வைத்துச் சாலையைக் குறுக்கிய பிறகு, ஸ்கூல் நேரத்தில் மாட்டினால் முக்கால் மணி. சைக்கிளில் 35 நிமிஷம், காற்று எதிரே அடித்தால் 40. அவ்வளவுதான் வித்தியாசம். மொத்தமாக அடைத்துக்கொண்டால் இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய்விடலாம். காலை மீட்டிங்குக்கு எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று சந்தேகமில்லாமல் தெரிகிறதே, என்னைத் தொடர வைத்தது அதுதான். உடம்பு இளைக்கும் என்ற ஆசையில் தொடங்கினேன்; எடை பெரிதாக இறங்கவில்லை, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது மட்டும் நின்றிருக்கிறது.

பணம் மிச்சமாகும் என்று யாராவது சொன்னால் முழுதாக நம்பாதீர்கள். போய்வர 17 கிலோமீட்டர், ஸ்கூட்டர் லிட்டருக்கு 45 கொடுக்கிறது, பெட்ரோல் 100 ரூபாய்ச் சொச்சம் என்றால் ஒரு நாளைக்கு 40 ரூபாய் கூட வராது. சைக்கிள் மிதித்துவிட்டு வந்தால் இரண்டு இட்லியோடு எழுந்திருக்க முடியாது. மிச்சம் பிடித்ததில் பாதி கேன்டீனுக்குப் போய்விடுகிறது.

சரி, வியர்வை. காலை ஏழு மணிக்கே சென்னைக் காற்றில் ஈரம் அப்பிக்கொண்டிருக்கும். ஓட்டும்போது முகத்தில் காற்று படுவதால் அவ்வளவாகத் தெரியாது. நின்ற அடுத்த நிமிஷம்தான் கொட்டும். நேராக லிஃப்டில் ஏறிப் போய் ஏசியில் உட்கார்ந்தால் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டு குளிரெடுக்கும். எங்கள் ஆபீஸில் குளிக்க வசதி கிடையாது. நான் கண்டுபிடித்த வழி இது. கடைசி ஒரு கிலோமீட்டரை நடக்கிற வேகத்துக்குக் கொஞ்சம் மேலே வைத்து மெதுவாகப் போவேன். வந்ததும் பார்க்கிங்கிலேயே பத்து நிமிஷம் நின்று தண்ணீர் குடிப்பேன். வியர்வை அடங்கிய பிறகுதான் பாத்ரூம். நனைத்துப் பிழிந்த துண்டால் கழுத்து, அக்குள், முதுகு என்று துடைத்துவிட்டு, சட்டை மாற்றினால் வேலை முடிந்தது. அவசரப்பட்டு முதலிலேயே சட்டை மாற்றினால் இரண்டாவது சட்டையும் நனையும். இஸ்திரி போட்ட சட்டைகளையும் ஷூவையும் ஸ்கூட்டரில் வருகிற நாளில் கொண்டுவந்து டிராயரில் வைத்துவிடுகிறேன்.

முதுகில் பை மாட்டுவதை விட்டதும் பெரிய வித்தியாசம். முதுகில் பை இருந்தால் என்ன துணி போட்டாலும் முதுகு ஊறும். பின்னால் கேரியர் போட்டு, அதன் பக்கவாட்டில் தொங்கும் பை ஒன்று வாங்கினேன். லேப்டாப், சாப்பாடு, மழைக்கோட்டு எல்லாம் அதில் போய்விடும். சைக்கிள் வாங்கும்போதே கேரியரும் மட்கார்டும் மாட்ட ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். முன்னால் ஸ்பிரிங் ஷாக் அப்சார்பர் வைத்த சைக்கிள் பார்க்க ஜோராக இருக்கும். விலை குறைந்தவற்றில் அது வெறும் பாரம். மலையேறும் சைக்கிளின் தடித்த, பல் வைத்த டயரும் அப்படித்தான், தார் ரோட்டில் சத்தம்தான் வரும். என்னுடையது ஷாக் இல்லாத சாதாரண ஹைப்ரிட் (ரோடு சைக்கிளுக்கும் மலையேறும் சைக்கிளுக்கும் நடுவிலான ரகம்), 35 மில்லிமீட்டர் டயர். காற்றழுத்தம் முன்னால் 55, பின்னால் 65 பிஎஸ்ஐ வைக்கிறேன். எடை எழுபது கிலோ இருக்கும் எனக்கு அது சரியாக இருக்கிறது. எட்டு கியரில் நான் தொடுவது மூன்றுதான். மேம்பாலத்தில் ஏறவும் எதிர்காற்றைச் சமாளிக்கவும் கியர் உதவுகிறது, மற்றபடி இந்த ஊருக்குக் கியர் இல்லாத சைக்கிளே போதும்.

காற்று பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஸ்கூட்டரில் போனவரைக்கும் இந்த ஊரில் காற்றுக்குத் திசை உண்டு என்றே எனக்குத் தோன்றியதில்லை. ஜூன், ஜூலையில் காலையில் மேற்கிலிருந்து காற்று வரும். நான் கிழக்கே போகிறேன், ஆக முதுகில் கை வைத்துத் தள்ளிவிடுகிற மாதிரி போகலாம். மதியத்துக்கு மேல் கடற்காற்று உள்ளே வந்துவிடும். சாயங்காலம் மேற்கே திரும்பும்போது அதுவும் பின்னாலிருந்துதான். மேற்கே வீடும், கிழக்கே கடல் பக்கமாக ஆபீஸும் இருப்பவர்களுக்கு மட்டும் வாய்த்த யோகம் இது. வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கியதும் கணக்கு தலைகீழ். காலையில் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தைத் தாண்டும்போது இரண்டு பக்கமும் கட்டடமே இல்லாத வெட்டவெளி, எதிரே காற்று. வேகத்தைக் கூட்டினால் காற்றின் தடை அதைவிட அதிகமாக ஏறும், அதனால் முட்டி மோதிப் பிரயோஜனமில்லை. கியரை இறக்கி ஐந்து நிமிஷம் தாமதத்தை ஏற்றுக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். போதாக்குறைக்கு அந்தக் காற்று பெருங்குடி குப்பைமேட்டின் வாசனையையும் சேர்த்துக் கொண்டுவரும். அதே மாதங்களில் பள்ளிக்கரணைத் தண்ணீரில் பூநாரைகளும் வரும். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022இல் சேர்ந்த சதுப்புநிலம் அது. ஒரே மூச்சில் இரண்டையும் அனுபவிக்கலாம்.

வெயிலிலும் இப்படி ஒரு கணக்கு உண்டு. காலையில் கிழக்கே போனால் சூரியன் கண்ணில், மாலையில் மேற்கே வந்தால் மறுபடி கண்ணில். எனக்குக் கூசுவது பெரிய விஷயமில்லை, ஹெல்மெட்டுக்கு அடியில் முன்விளிம்பு வைத்த துணித் தொப்பி போட்டால் சமாளிக்கலாம். பின்னால் வருகிறவனுக்கும் அதே சூரியன் கண்ணில் அடிக்கிறது, அவனுக்கு நான் தெரிய மாட்டேன் என்பதுதான் விஷயம். அதனால் பகலிலும் பின்பக்கச் சிவப்பு விளக்கை மினுங்க விட்டுத்தான் போகிறேன். சைக்கிளுக்கு ஹெல்மெட் சட்டப்படி கட்டாயமில்லை, நான் போடாமல் ஓட்டுவதில்லை. கத்திரி வெயில் நாட்களில் ஆறரைக்கே கிளம்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஸ்கூட்டர்.

இந்தச் சாலையில் சைக்கிளில் வேலைக்குப் போகிறவன் நான் ஒருவன்தான் என்று ஆரம்பத்தில் ஓர் எண்ணம் இருந்தது. ஏழு மணிக்கு முன்னால் போய்ப் பாருங்கள். கொத்து வேலைக்குப் போகிறவர்கள், நைட் டூட்டி முடித்துத் திரும்பும் செக்யூரிட்டிகள், அரசு கொடுத்த சைக்கிளில் டியூஷனுக்குப் போகும் பிள்ளைகள். ஹேண்டில்பாரில் சாப்பாட்டுப் பை தொங்க, கியர் இல்லாத சைக்கிளில் என்னை அலட்சியமாகத் தாண்டிப் போவார்கள். ஒரு சிக்னலில் பக்கத்தில் நின்ற பெரியவர், நான் சாலை விளிம்பை ஒட்டியே வருவதைப் பார்த்துக்கொண்டு வந்திருப்பார் போல. "ரொம்ப ஓரமா போவாதீங்க சார், மண்ணு கெடக்கும், சறுக்கி வுட்டுரும். ரெண்டு முழம் தள்ளி நேராப் போங்க, வண்டிக்காரன் வளைச்சுக்கினு போவான்" என்றார். இத்தனை வீடியோ பார்த்தும் எனக்குக் கிடைக்காத யோசனை. விளிம்பிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நேர்கோட்டில் போனால், பின்னால் வருகிறவர்கள் உண்மையிலேயே சுற்றிக்கொண்டுதான் போகிறார்கள். விளிம்பிலேயே வளைந்து நெளிந்து போனால்தான் உரசுகிற மாதிரி இடிக்க வருகிறார்கள்.

சைக்கிளுக்கென்று தனிப்பாதையை எதிர்பார்க்காதீர்கள். சென்னை மாநகராட்சி 2014இலேயே மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென ஒரு கொள்கை கொண்டுவந்தது. நான் போகிற வழியில் அது எங்கேயும் கண்ணில் படவில்லை. அதனால் நானாக வைத்துக்கொண்ட விதிகள் இவை: பஸ் ஸ்டாப்பில் நிற்க வரும் பஸ்ஸுக்கு இடதுபக்கம் நுழையாமல் பின்னால் காத்திருப்பது, ஷேர் ஆட்டோவை எந்த நொடியிலும் நிற்கப்போகிற வண்டியாகவே நினைப்பது, இரவில் ராங் சைடில் ஹை பீம் போட்டு வருகிறவனுக்கு வழிவிட்டு நின்றே விடுவது. நாய் துரத்தினால் வேகமாக மிதிக்க வேண்டாம். இறங்கி, சைக்கிளை நாய்க்கும் நமக்கும் நடுவில் வைத்துத் தள்ளிக்கொண்டு நடந்தால் பெரும்பாலும் அதற்கே சலித்துப்போகும்.

பஞ்சருக்கு வருவோம். லாரி டயர் வெடித்துச் சிதறும் இடங்களில் தலைமுடியைவிடச் சற்றுத் தடித்த இரும்புக் கம்பித் துணுக்குகள் கிடக்கும். சைக்கிள் டயருக்கு எமன் அதுதான். சாலையோரப் பஞ்சர் கடைகளில் பாதிக்கு மேல் சைக்கிளைப் பார்த்ததும் தலையாட்டிவிடுவார்கள். கோவிலம்பாக்கம் பக்கம் ஒருவர் மட்டும், "வீலை நீங்களே கழட்டிக் குடுத்தா ஒட்டித் தரேன்" என்றார். டியூப்பைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழ் பார்த்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி அது காயும்வரை ஒரு பீடி பற்றவைத்துக்கொண்டார். ஒட்டு போட்ட பிறகும் டியூப்பைத் திருப்பித் தரவில்லை. டயரின் உட்புறத்தை விரலால் மெதுவாக ஒரு சுற்றுத் தடவி, ஓரிடத்தில் நிறுத்தி, குறடால் ஒரு கம்பியை இழுத்தார். கண்ணுக்கே சரியாகத் தெரியவில்லை. "இத எடுக்காம ஒட்டினா நாளைக்கு மறுபடி வருவீங்க." அன்றிலிருந்து பையில் ஒரு மாற்று டியூப், டயர் கழற்றும் இரண்டு பிளாஸ்டிக் நெம்புகோல், சின்ன பம்பு எப்போதும் இருக்கும். சாலையில் டியூப்பை மாற்றிவிட்டு, ஓட்டையானதை வீட்டில் நிதானமாக ஒட்டிக்கொள்கிறேன். பைக் டியூப்புக்கு இருக்கிற அதே தடித்த வால்வு உள்ள டியூப்பாக வாங்குங்கள், எங்கேயும் காற்றடிக்கலாம். ஒல்லி வால்வுக்கு அடாப்டர் தேடி அலைய வேண்டும்.

செயின்தான் அடுத்த செலவு. மெட்ரோ வேலைத் தூசு எண்ணெயோடு சேர்ந்து கறுப்புக் களிம்பாகி அரைக்கிறது. தேங்காய் எண்ணெய் விடுகிறவர்களை இன்னும் பார்க்கிறேன். அது செயினுக்கு ஏற்றதில்லை. செயினுக்கென்று விற்கும் எண்ணெயை ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு விட்டு, கொஞ்ச நேரம் கழித்து வெளிப்பக்கம் துளி எண்ணெய் இல்லாமல் துடைத்துவிட வேண்டும். உள்ளே இருப்பதுதான் வேலை செய்யும், வெளியே இருப்பது தூசைத்தான் பிடிக்கும். தேய்மானம் பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம், ஸ்கூல் பிள்ளையின் ஸ்கேல் போதும். ஒரு பின்னின் நடுவிலிருந்து 12 அங்குலம் அளந்தால் இன்னொரு பின்னின் நடுவில் முடிய வேண்டும். அந்தப் பின் 1/16 அங்குலம் தள்ளி நின்றால் செயின் மாற்ற வேண்டும். 1/8 வரை விட்டுவிட்டால் பின்பக்கப் பல்சக்கரமும் சேர்ந்து போகும், செலவு பல மடங்கு.

மழையில் நனைவது பிரச்சினையே இல்லை. எப்படியும் மாற்றுச் சட்டை ஆபீஸில் இருக்கிறது. மழைக்கோட்டு போட்டால் உள்ளே வியர்த்து அதே அளவு நனைகிறோம், அதனால் தூறலுக்கு நான் போடுவதே இல்லை. தேங்கிய தண்ணீரில்தான் இறங்கக் கூடாது. நாராயணபுரம் ஏரியை ஒட்டிய பகுதியில் தண்ணீர் நின்றால் அடியில் பள்ளமா, திறந்த மூடியா என்று தெரியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்துபோன பிறகு பள்ளிக்கரணை சுற்றுவட்டாரமே நாள்கணக்கில் தண்ணீரில் கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சக்கரத்தின் நடுப்பகுதி வரை தண்ணீரில் போனால் உள்ளே கிரீஸ் கெட்டு, பேரிங் பால்ஸ் துருப்பிடித்து, மிதிக்கும்போது கடகடவென்று சத்தம் வரும். மழைக்காலம் முடிந்ததும் ஒரு தடவை பிரித்து, கிரீஸ் மாற்றி, சக்கரத்தில் கோட்டமும் எடுத்துவிடுவது நல்லது.

ஆபீஸில் வந்த ஒரே தகராறு பார்க்கிங். காருக்கு ஸ்டிக்கர், பைக்குக்கு டோக்கன். "சைக்கிளுக்கு எதுவும் இல்ல சார்" என்று கேட்டில் நிறுத்திவிட்டார்கள். மெயில் போட்டேன், பதில் வரவே இல்லை. ஹவுஸ்கீப்பிங் அக்காதான் ஜெனரேட்டர் ரூம் பின்னால் அவர்கள் எல்லோரும் நிறுத்துகிற இடத்தைக் காட்டினார். கூரை இருக்கிறது, பூட்டுவதற்குக் கம்பியும் இருக்கிறது. பைக் பார்க்கிங்கில் இரண்டுமே கிடையாது.

யாருக்கு ஒத்துவராது என்றும் சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கம் 12 கிலோமீட்டருக்கு மேல் என்றால் சென்னை வெக்கையில் தினப்படிக்குக் கஷ்டம். காலையில் பிள்ளையை ஸ்கூலில் விட்டுவிட்டுப் போகிறவர்களுக்கும், நாள் முழுக்க வெளியே கஸ்டமரைப் பார்க்கப் போகிறவர்களுக்கும் சரிவராது. ஆபீஸில் ஒரு டிராயர்கூடச் சொந்தமாக இல்லாதவர்கள், எந்த நாளில் எந்த இடமோ அங்கே உட்காருகிறவர்கள், முதலில் சட்டை வைக்க ஓர் இடம் பிடித்துவிட்டு அப்புறம் சைக்கிள் கடைக்குப் போகலாம்.

இப்போது பின் டயர் வழவழவென்று தேய்ந்துவிட்டது. இந்த மழைக்கு முன்னால் மாற்றியாக வேண்டும். மட்கார்டுக்குள் இடம் இருந்தால் 38 போட்டுப் பார்க்கலாம் என்றிருக்கிறேன், மேம்பால இணைப்புகளில் விழும் அடி கொஞ்சம் குறையும். இடிக்கிறது என்றால் பழையபடி 35தான்.