கார்சாம்ப்: 102 கொடுத்ததை 80 பறித்துக்கொள்கிறது

அக்கா மகன் கேட்ட கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன், நீண்டுவிட்டது. பள்ளி விடுமுறைக்கு மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறான். போக்கிமோன் ஸ்கார்லெட் என்ற நிகழ்பட விளையாட்டில் கதையை முடித்துவிட்டு, இனித் தரவரிசைப் போட்டிகளில் இறங்கப்போகிறான். "மாமா, தாக்குவதற்கு ஒரு போக்கிமோனை நன்றாக வளர்க்க வேண்டும். உங்களைப் போல் கார்சாம்ப்பையே வளர்க்கட்டுமா?" என்றான். போன வாரம் கேட்டிருந்தால் உடனே ஆமாம் என்றிருப்பேன். அவன் கேட்டது சனிக்கிழமை. அதற்கு முந்திய வியாழக்கிழமை இரவு நடந்தது எனக்கு இன்னும் செரிக்கவில்லை.

கார்சாம்ப் என்ற அந்த டிராகனை நான் முதலில் பார்த்தது எதிரியாகத்தான். 2006இல் ஜப்பானில் வெளிவந்த டைமண்ட் விளையாட்டு என் கைக்கு வந்தபோது நான் இரண்டாம் படிவ மாணவன். விளையாட்டின் கடைசியில் நிற்கும் சாம்பியன் சின்தியாவின் 66ஆம் நிலை கார்சாம்ப் என் ஆறு பேரையும் ஒரே மாலையில் மூன்று முறை வீழ்த்தியது. அப்போதே இதை வளர்க்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். அன்று முதல் எந்தப் பதிப்பு வந்தாலும், அதில் இது இருந்தால், என் அணியில் இதற்கு ஓர் இடம் உண்டு. 2014இல் வாஷிங்டனில் செ ஜுன் பார்க் என்ற கொரிய ஆட்டக்காரர் உலகப் பட்டம் வென்றபோது எல்லோரும் பச்சிரிசு என்ற அணிலைப் பற்றியே பேசினார்கள். இன்றும் அப்படித்தான் பேசுகிறார்கள். அந்த ஆறு பேரில் கார்சாம்ப்பும் ஒன்று. அதை யாரும் சொல்லாததில் எனக்கு இன்றுவரை மனக்குறை உண்டு.

இதன் சிறப்பு எது என்று கேட்டால் பலரும் அடிப்படைத் தாக்குதல் அளவான 130ஐச் சொல்வார்கள். நான் அடிப்படை வேகம் 102 என்பேன். நூறு என்ற அளவில் ஒரு கூட்டமே நிற்கிறது. அந்தக் கூட்டத்தை இரண்டே இரண்டு புள்ளியால் முந்துவதற்கென்றே இதைப் படைத்திருக்கிறார்கள். போட்டி நடக்கும் 50ஆம் நிலையில், வேகத்தைக் கூட்டும் ஜாலி சுபாவத்தோடு வேகத்தை முழுதாக ஏற்றினால் 169 வரும். நூறுக்காரர்கள் எவ்வளவு முயன்றாலும் 167தான். அடமன்ட் சுபாவம் வைத்தால் தாக்குதல் 182இலிருந்து 200க்கு ஏறும், ஆனால் வேகம் 154க்கு இறங்கிவிடும். பலத்துக்கு ஆசைப்பட்டு அந்த 15 புள்ளியை விட்டுக்கொடுப்பவர்களோடு எனக்கு ஒருநாளும் ஒத்துவராது. முதலில் அடிக்கிற உரிமையை விற்றுவிட்டுப் பலத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

நான் எதிர்பாராமல் பெற்ற மகிழ்ச்சி ரஃப் ஸ்கின் என்ற இயல்புத் திறன். தோலைத் தொட்டு அடிப்பவர் தம் முழு உயிரில் எட்டில் ஒரு பங்கை இழப்பார். பழைய நாள்களில் இதற்கு இருந்தது சாண்ட் வெய்ல்: மணற்புயலில் எதிரியின் நூறு விழுக்காட்டுத் துல்லியத்தையும் எண்பதாக்கிவிடும். அந்த அநியாயத்துக்காகவே ஆட்டக்காரர் வட்டங்களில் தடை கேட்டுச் சண்டை நடந்தது. ரஃப் ஸ்கின் நேர்மையானது. எப்போது வேலை செய்யும் என்று இரு பக்கத்தாருக்கும் தெரியும். டிராகனைட் என்ற போக்கிமோனுக்கு எதிரே இதன் அருமை புரியும். டிராகனைட் முழு உயிரோடு இருக்கும்வரை மல்ட்டிஸ்கேல் என்ற அதன் திறன் அதன்மேல் விழும் அடியைப் பாதியாக்கும். அது எக்ஸ்ட்ரீம் ஸ்பீட் என்ற விரைவு அடியால் முந்திக்கொண்டு என்னை அடிக்கிறது, என் தோலைத் தொடுகிறது, எட்டில் ஒரு பங்கு போகிறது, மல்ட்டிஸ்கேலும் அத்தோடு போய்விடுகிறது. நான் ஒன்றுமே செய்யவில்லை, அடி வாங்கியதைத் தவிர! ஊர்ஷிஃபு என்ற போக்கிமோன் சர்ஜிங் ஸ்ட்ரைக்ஸ் என்ற அடியைப் போட்டால் மூன்று முறை தொடும். எட்டில் மூன்று பங்கு போகும். இத்தனை ஆண்டுக்குப் பிறகும் அந்தச் சிறு சத்தம் கேட்கும்போது எனக்கு மனம் நிறைந்துவிடும்.

இப்போது நான் ஆடும் முறை: கையில் லோடட் டைஸ் என்ற பொருள்; நான்கு அடிகளாக சோர்ட்ஸ் டான்ஸ், எர்த்குவேக், ஸ்கேல் ஷாட், ஸ்டோன் எட்ஜ். ஒற்றையர் ஆட்டம், ஆறில் மூன்று. லோடட் டைஸ் இருந்தால் ஸ்கேல் ஷாட் குறைந்தது நான்கு முறை விழும். அதன்பின் தற்காப்பு ஒரு படி இறங்கி வேகம் ஒரு படி ஏறும். 169 என்பது 253 ஆகிவிடும். வேகத்துக்குப் பேர்போன டிராகபல்ட்டின் உச்ச வேகமே 213தான். பனித் தாக்குதலுக்கு நான்கு மடங்கு பலவீனம் என்பது உலகறிந்த குறை. அதற்கு, ஆட்டத்தில் ஒரு முறை இனத்தை மாற்றிக்கொள்ள உதவும் டெராவை இரும்பாகவோ நெருப்பாகவோ வைத்துக்கொள்ளலாம். நெருப்பு என்றால் தீக்காயமும் பிடிக்காது. பனி இனத்துச் சியென்-பாவ் வந்தால் தயங்காமல் டெராவைச் செலவழிக்க வேண்டும். இதெல்லாம் பழகினால் கைக்கு வந்துவிடும்.

பழகவே முடியாதது ஸ்டோன் எட்ஜ் என்ற பாறை அடி. வலிமை 100, துல்லியம் 80. கார்சாம்ப் வந்த அதே டைமண்டில்தான் இந்த அடியும் வந்தது. அன்று முதல் இரண்டையும் பிரிக்க முடியவில்லை. எர்த்குவேக் பறப்பவர்களைத் தொடாது, டிராகன் அடி தேவதை இனத்தைத் தொடாது. போக்கிமோன் சோர்ட் விளையாட்டில் டோகெகிஸ் பறப்பதும் தேவதையுமாக இருந்து என்னைப் பார்த்துச் சிரித்தது. அதற்காகச் சேர்த்ததுதான் ஸ்டோன் எட்ஜ். ஐந்தில் ஒன்று தவறும் என்பது கேட்க எளிது. ஓர் ஆட்டத்தில் மூன்று முறை போட வேண்டி வந்தால், மூன்றும் விழும் வாய்ப்பு 51.2 விழுக்காடு. ஏறக்குறையப் பூவா தலையா. இதை நம்பி ஆட்டத்தின் கடைசிச் சுற்றை வைக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இதைப் போட வேண்டிய நிலை எப்போதும் கடைசியில்தான் வருகிறது.

மாற்று உண்டே என்பார்கள். உண்டு, ராக் டூம் என்ற இன்னொரு பாறை அடி: வலிமை 60, துல்லியம் 95. போன ஆண்டு இரண்டு வாரம் அதை வைத்து ஆடினேன். பூச்சியும் நெருப்புமான வோல்கரோனாவுக்குப் பாறை நான்கு மடங்கு. அதனால் போதும் என்று நினைத்தேன். தற்காப்பை முழுதாக ஏற்றிய வோல்கரோனா ஒன்று வந்தது. அதன் உயிர் 192. ராக் டூமின் உச்ச அடி 156. தாங்கிக்கொண்டு வில்-ஓ-விஸ்ப் எறிந்தது. அந்த அடியின் துல்லியம் வெறும் 85, ஆனால் தவறவில்லை. தீக்காயத்தில் என் தாக்குதல் பாதியானது. பிறகு மார்னிங் சன்னால் உயிரை நிரப்பிக்கொண்டது. ஸ்டோன் எட்ஜ் என்றால் அதன் மிகக் குறைந்த அடியிலேயே விழுந்திருக்கும். மீண்டும் மாற்றினேன்.

வியாழக்கிழமைக்கு வருகிறேன். இரவு ஒன்பதரை, வெளியே மழை. எனக்கு மிஞ்சியது பாதி உயிரோடு கார்சாம்ப். எதிராளிக்கு மிஞ்சியது வோல்கரோனா. டெராவை ஏற்கெனவே செலவழித்துவிட்டார். அது முழு வேக வகை என்று கணித்தேன்: 167. என்னுடையது 169. குவிவர் டான்ஸ் ஆடிவிட்டால் அது 250க்குப் போய்விடும், பிறகு நான் எட்ட முடியாது. இந்த ஒரு சுற்றுதான், இதில் முதல் அடி என்னுடையது. எர்த்குவேக் போட்டால் பிழைத்துக்கொள்ளும். ஸ்டோன் எட்ஜ் பட்டால் ஆட்டம் முடிந்தது. போட்டேன். நான் கணித்தபடியே கார்சாம்ப் முந்தியது. இந்த விளையாட்டில் எண்ணிக் கணக்கிட்டு வாங்கக்கூடிய எல்லாவற்றையும் வாங்கிவிட்ட அந்த நொடியில், பாறைகள் எழும்பி, வோல்கரோனாவின் பக்கத்தில் விழுந்தன. அது ஆடியது. அடுத்த சுற்றில் பக் பஸ் என்ற அடி. முடிந்தது.

பக்கத்தில் அப்பா உட்கார்ந்திருந்தார். முப்பது ஆண்டு ரப்பர் மரம் சீவியவர். என் முகத்தைப் பார்த்து, "எத்தனைக்கு ஒன்று தவறும்?" என்று கேட்டார். ஐந்துக்கு ஒன்று என்றேன். "ஐந்து மரத்துக்கு ஒரு மரத்தில் காயம் வைத்தால் மண்டோர் மறுநாள் நிரை கொடுக்கமாட்டார்" என்றார். மண்டோர் தோட்டக் கண்காணி; நிரை என்பது சீவக் கொடுக்கும் மர வரிசை. விளையாட்டைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் அந்த இரவில் சரியான நியாயம் பேசியது அவர் ஒருவர்தான் என்று எனக்குத் தோன்றியது. அந்த அடியை 85 ஆக்கியிருந்தால்கூட நான் பொறுத்திருப்பேன். இத்தனை பதிப்புகளில் எத்தனையோ அடிகளின் அளவைத் திருத்தினார்கள். இது மட்டும் பிறந்தபோது இருந்த அதே எண்பதில் நிற்கிறது.

ஆக, தம்பி, என் பதில்: கார்சாம்ப் வேண்டாம். மேலே இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்வது உனக்கு விசித்திரமாக இருக்கும். புகழ்ந்த ஒவ்வொரு சொல்லும் உண்மை. வேண்டாம் என்பதும் உண்மை. முதல் பருவத்தில் நீ உன் தவற்றால் தோற்க வேண்டும், அப்போதுதான் எதைத் திருத்துவது என்று தெரியும். டிராகனைட்டை வளர்த்துக்கொள். எக்ஸ்ட்ரீம் ஸ்பீடின் துல்லியம் நூறு. கார்சாம்ப்பாக வளரும் கிபிளின் முட்டை ஒன்று என் பெட்டியில் இருக்கிறது, ரஃப் ஸ்கின் உள்ளது. அடுத்த விடுமுறைக்கு வரும்போது கேள், அப்போதும் வேண்டும் என்றால் தருகிறேன்.

இன்றிரவு ஒன்பது மணிக்கு நான் ஆடப்போகிறேன். நான்காவது இடத்தில் இருப்பது ஸ்டோன் எட்ஜ்தான். அதற்குப் பதிலாக வைக்க ஒன்று கிடைத்திருந்தால் பதினெட்டு ஆண்டில் வைத்திருப்பேன்.