அகம் கச்சேரி: கிட்டாரில் நளினகாந்தி

அகம் குழுவின் கச்சேரியை ஒருவழியாக நேரில் கேட்டுவிட்டேன். 2003-இல் பெங்களூரில் தொடங்கிய குழு. கர்நாடக சங்கீதமும் ராக்கும் சேர்ந்தது என்று சொன்னதும், கீர்த்தனையைப் பாடிவிட்டுப் பின்னால் டிரம்ஸ் தட்டுவார்கள் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். நேரில் கேட்டால் அந்த எண்ணம் போய்விடும்.

தியாகராஜரின் 'மனவ்யாலகிஞ்சரா'வையே எடுத்துக்கொள்வோம். ராகம் நளினகாந்தி, அதில் தைவதம், அதாவது ஏழு ஸ்வரங்களில் ஆறாவதான 'த', கிடையாது. கிட்டார் வேகமெடுத்து ஓடும்போது எங்காவது தைவதத்தைத் தொட்டுவிடுமோ என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். தொடவே இல்லை! கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடும் நுணுக்கம், வரவேண்டிய இடத்தில் கிட்டார்காரர் தந்தியை விரலால் தள்ளி ஸ்வரத்தை வளைக்கிறார். ராகத்தைக் கிட்டாருக்காகச் சுருக்காமல், கிட்டாரை ராகத்துக்குப் பழக்கியிருக்கிறார்கள். எனக்கு இவர்களைப் பிடித்ததே இதனால்தான்.

இன்னொன்று. டிஸ்டார்ஷன் (ஒலியை வேண்டுமென்றே கரகரப்பாக்குவது) போட்ட கிட்டாரில் முழு கார்டு, அதாவது பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில், வாசித்தால் ஒலி கலங்கிவிடும். அதனால் ராக் கிட்டார்காரர்கள் பெரும்பாலும் ஆதார ஸ்வரத்தையும் (ஸ) அதன் பஞ்சமத்தையும் (ப) மட்டும் பிடிப்பார்கள். ஷட்ஜமும் பஞ்சமமும்! தம்புராவில் ஒலிப்பதும் அதுதானே. நடுவில் காந்தாரம் (க) இல்லாததால் பாடுகிறவருக்கு ராகத்தை விரிக்க இடம் கிடைக்கிறது. ராக்கும் கர்நாடக சங்கீதமும் ஏன் இவ்வளவு இயல்பாக ஒட்டுகின்றன என்பது பெரிய ஸ்பீக்கர் முன்னால் நின்றபோதுதான் எனக்குப் பிடிபட்டது.

ஹரீஷ் சிவராமகிருஷ்ணன் பாட்டு, வயலின் இரண்டையும் பார்த்துக்கொள்கிறார். சுவாதித் திருநாளின் தனஶ்ரீ ராகத் தில்லானாவுக்கு முன் ஓர் ஆலாபனை, அதாவது தாளமில்லாமல் ராகத்தை விரித்துப் பாடுவது. நின்றுகொண்டிருந்த கூட்டம் அப்படியே அடங்கியது. அப்புறம் தில்லானாவின் சொற்கட்டு (தாளச் சொற்களின் கோவை) தொடங்கியதும் கிக் டிரம் அதே கணக்கில் சேர்ந்துகொண்டது. என் கை தானாகத் தொடையில் தாளம் போட, பக்கத்தில் ஒரு கல்லூரிப் பையன் தலையை ஆட்டிக் குதித்துக்கொண்டிருந்தான். இருவருக்கும் சமம், அதாவது தாளச் சுற்றின் முதல் அடி, ஒரே இடத்தில் விழுந்தது.

குறை என்றால் ஒலியமைப்புதான். மேடைக்கு அருகே பேஸ் கிட்டார் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. வயலினின் நுணுக்கங்கள் காதில் விழவே இல்லை. அரங்கின் நடுவில் ஒலிக்கலவை மேஜைக்குப் பக்கத்தில் போய் நின்ற பிறகுதான் எல்லா வாத்தியமும் தனித்தனியாகத் தெளிந்தன. ஒலியைக் கலப்பவர் அங்கிருந்துதான் கேட்டுக் கலக்கிறார், ஆகவே எந்த ராக் கச்சேரிக்குப் போனாலும் அந்த இடத்தைப் பிடியுங்கள்.

காதடைப்பானும் கட்டாயம் வேண்டும். இத்தகைய அரங்குகளில் சராசரி ஒலி அளவு 100 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வரையறுத்திருக்கிறது. அந்த அளவே நீண்ட நேரத்துக்குக் காதுக்கு அதிகம். சாதாரண பஞ்சு வகை மேல்ஸ்தாயியை அதிகமாக மறைத்துவிடும். இசைக்கலைஞர்களுக்கென்றே செய்யப்படும் வகையை வாங்கிக்கொண்டால் வயலின் மங்காமல் கேட்கும்.