சின்ஸா ஃபாரா, டில்லா பையா: டெல்லித் தமிழருக்கு எந்த மொழி கைகொடுக்கும்?

ஆங்கிலத்தில் ஜோடி ஜோடியாகக் குழப்பும் சொற்களுக்குப் பட்டியல் எங்கு தேடினாலும் கிடைக்கிறது. ஐம்பது ஜோடி, நூறு ஜோடி என்று வரிசையாகப் போட்டு, பக்கத்திலேயே அர்த்தமும் கொடுத்திருப்பார்கள். படிக்கும்போது எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும். மறுநாள் மெயில் எழுத உட்கார்ந்தால் பழைய தப்பே வந்து நிற்கும். ஜப்பான்காரருக்கும் பிரேசில்காரருக்கும் நமக்கும் ஒரே பட்டியலைக் கொடுத்தால் வேறென்ன நடக்கும்? யார் எந்த இடத்தில் தடுமாறுவார் என்பதை அவரவர் வீட்டு மொழிதான் தீர்மானிக்கிறது.

டெல்லித் தமிழர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு முடிச்சு. மத்திய சர்க்கார் வேலைக்கு வந்து கரோல் பாக்கில் தங்கிய தலைமுறை தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதியது. இன்று ஆர்.கே.புரத்திலும் மயூர் விஹாரிலும் வளரும் பிள்ளைகள் பலர் அண்ணன் தங்கையோடு சண்டை போடுவதே இந்தியில்தான். அவர்களுடைய ஆங்கிலத்துக்கு அடியில் இரண்டு மொழிகள் ஓடுகின்றன. ஒவ்வொரு ஜோடிக்கும் தமிழையும் இந்தியையும் எதிரெதிரே நிறுத்திப் பார்த்தால் பெரும்பாலும் ஒன்றில் விடை இருக்கிறது என்பது என் கட்சி. எதில் இருக்கிறது என்பதுதான் ஜோடிக்கு ஜோடி மாறும்.

'சின்ஸ்', 'ஃபார்'

'ஐ ஆம் லிவிங் இன் டெல்லி சின்ஸ் டென் இயர்ஸ்.' டெல்லியில் இந்த வாக்கியம் காதில் விழாத நாள் அபூர்வம். விதி என்னவோ எளிதுதான். காலம் தொடங்கிய புள்ளியைச் சொன்னால் 'சின்ஸ்', காலத்தின் நீளத்தைச் சொன்னால் 'ஃபார்'. 2015, போன திங்கட்கிழமை, கல்யாணம் ஆன நாள் எல்லாம் புள்ளிகள். பத்து வருஷம், மூன்று வாரம், அரை மணி நேரம் எல்லாம் நீளங்கள்.

இந்தியில் இரண்டுக்கும் ஒரே 'ஸே'. '2015 ஸே' என்பதும் 'தஸ் சால் ஸே' என்பதும் அங்கே ஒரே அச்சு. புள்ளியா நீளமா என்று அந்த மொழி கவலைப்படுவதில்லை. ஆகவே இந்தியில் யோசிக்கிறவர் 'ஸே'க்கு நேராக 'சின்ஸ்'ஸைப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறார்.

தமிழைப் பாருங்கள். '2015லேர்ந்து இங்க இருக்கோம்.' 'பத்து வருஷமா இங்க இருக்கோம்.' புள்ளிக்கு ஒரு விகுதி, நீளத்துக்கு வேறொரு விகுதி. 'பத்து வருஷத்திலேர்ந்து இருக்கேன்' என்று ஊரிலிருந்து நேற்று ரயிலேறி வந்த பாட்டிகூடச் சொல்ல மாட்டார். ஆங்கிலம் செய்யும் அதே வித்தியாசத்தைத் தமிழ் ரொம்ப காலமாகச் செய்துகொண்டிருக்கிறது. தமிழ்நாட்டிலும் 'சின்ஸ் டென் இயர்ஸ்' கேட்கத்தான் செய்கிறது. அது மற்றவர்கள் பேசிக் கேட்டு ஒட்டிக்கொண்டது, தமிழிலிருந்து முளைக்க வழியே இல்லை.

சந்தேகம் வந்தால் வாக்கியத்தை மனசுக்குள் பேச்சுத் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'ரெண்டு நாளா காய்ச்சல்': 'ஆ' என்று முடிகிறது, 'ஃபார் டூ டேஸ்'. 'திங்கக்கிழமையிலேர்ந்து காய்ச்சல்': 'லேர்ந்து' வந்துவிட்டது, 'சின்ஸ் மண்டே'. இந்தச் சோதனை தவறி நான் பார்த்ததில்லை.

ஆனால் சொல்லை மட்டும் திருத்தினால் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறோம். வினையில் தமிழும் இந்தியும் சேர்ந்தே கைவிடுகின்றன. 'இருக்கேன்' என்று நாம் நிகழ்காலத்தில் சொல்வதை ஆங்கிலம் 'ஹேவ் பீன் லிவிங்' என்று கேட்கிறது. 'ஐ ஆம் லிவிங் ஃபார் டென் இயர்ஸ்' என்று எழுதினாலும் தப்பு தப்புதான். இதை மனப்பாடமாக வைத்துக்கொள்வதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

இதே குடும்பத்தில் 'அகோ', 'பிஃபோர்' என்று இன்னொரு ஜோடி. நமக்கு இரண்டும் 'முன்னாடி', இந்திக்காரருக்கு இரண்டும் 'பெஹ்லே'. விளைவு, 'பிஃபோர் டூ இயர்ஸ் ஐ ஜாயின்ட்'. இன்றிலிருந்து பின்னோக்கி எண்ணினால் 'டூ இயர்ஸ் அகோ'. கல்யாணத்துக்கு ரெண்டு வருஷம் முன்னாடி என்று வேறொரு நாளிலிருந்து எண்ணினால்தான் 'டூ இயர்ஸ் பிஃபோர் தி வெட்டிங்'.

'டில்', 'பை'

மயூர் விஹார் பக்கம் வாடகைக்கு இருப்பவர்களின் வாட்ஸ்அப்பில் மாதக் கடைசியில் வரும் ரகம் இது: 'ப்ளீஸ் பே ரென்ட் டில் ஃபிஃப்த்.' வீட்டுக்காரர் சொல்ல நினைத்தது, ஐந்தாம் தேதிக்குள் பணம் வந்துவிட வேண்டும் என்று. அவர் எழுதியிருப்பதோ, ஐந்தாம் தேதி வரைக்கும் கொடு, அப்புறம் நிறுத்திக்கொள் என்று. அப்படி எடுத்துக்கொண்டு வாடகையை நிறுத்தியவர் யாரும் இல்லை. படிக்கிறவர் மனதிலும் 'பாஞ்ச் தாரீக் தக்' என்று இந்திதான் ஓடுகிறது. லண்டனில் இருக்கும் மேனேஜருக்கு 'ஐ வில் ஃபினிஷ் த ரிப்போர்ட் டில் ஃப்ரைடே' என்று எழுதும்போதுதான் சங்கடம். அவருக்கு அந்த வாக்கியம் அரைகுறையாகத் தொங்கும்.

இந்தி 'தக்' இரண்டு வேலையும் பார்க்கிறது. வெள்ளி வரை தங்குவேன் என்பதற்கும் 'தக்', வெள்ளிக்குள் முடிப்பேன் என்பதற்கும் 'தக்'. தமிழில் இந்தக் குழப்பத்துக்கு இடமே கிடையாது. 'வரை' என்றால் அதுவரை தொடர்ந்து நடக்கிறது, அது 'டில்'. 'க்குள்' என்றால் அதற்கு முன்னால் எப்போதாவது ஒருமுறை நடந்து முடிந்துவிடும், அது 'பை'. 'வெள்ளி வரைக்கும் ரிப்போர்ட்டை முடிக்கிறேன்' என்று தமிழில் சொல்லிப் பாருங்கள், உங்களுக்கே சிரிப்பு வரும்.

இங்கே தமிழ் வைக்கும் குழி ஒன்று உண்டு. 'மூணு நாளைக்குள்ள' என்றும் சொல்கிறோம், 'வெள்ளிக்கிழமைக்குள்ள' என்றும் சொல்கிறோம். இரண்டும் 'க்குள்'. ஆங்கிலத்தில் நீளத்துக்கு 'விதின்', புள்ளிக்கு 'பை'. அதை மறந்தால் 'விதின் ஃப்ரைடே' என்று எழுதுவோம். இதை ஒரு மெயிலில் பார்த்தால் எழுதியவர் தமிழராக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றும். 'சின்ஸ்', 'ஃபார்' விஷயத்தில் ஒழுங்காகப் பிரித்த அதே தமிழ், இங்கே பிரிக்காமல் விட்டுவிட்டது.

சரி, 'டில் ஃப்ரைடே லீவு' என்றால் வெள்ளிக்கிழமை ஆபீஸ் வர வேண்டுமா? ஆங்கிலத்திலும் இது தெளிவில்லை, தமிழிலும் இல்லை. அமெரிக்கர்கள் 'மண்டே த்ரூ ஃப்ரைடே' என்று சொல்லி வெள்ளியையும் சேர்த்துவிடுகிறார்கள். நம் சர்க்கார் குமாஸ்தாக்கள் அதைவிடக் கெட்டி. இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை என்று எழுதி, கூடவே 'போத் டேஸ் இன்க்ளூசிவ்' என்று ஒரு முடிச்சுப் போட்டு, முன்னும் பின்னும் வரும் சனி ஞாயிறை 'ப்ரிஃபிக்ஸ்', 'சஃபிக்ஸ்' பண்ண அனுமதியும் கேட்டுவிடுவார்கள். அந்த லீவு லெட்டர் பாணியைக் கேலி செய்கிறோம். ஒரு தேதியில்கூடச் சந்தேகம் வைக்காத பாணி அது.

'டில்' என்பது 'அண்டில்'லின் சுருக்கம் என்று நினைத்து அதை ஒதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். உண்மையில் 'டில்' தான் மூத்தது, 'அண்டில்' பிறகு வந்தது. இரண்டில் எதை வேண்டுமானாலும் எழுதலாம்.

நடுவில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒரு மொழியில் வித்தியாசம் இல்லையென்றால் ஆங்கிலத்தில் தப்பு வந்தே தீரும் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். இந்தியில் நேற்றும் 'கல்', நாளையும் 'கல்'. அதற்காக எந்த இந்திக்காரரும் 'எஸ்டர்டே'யையும் 'டுமாரோ'வையும் மாற்றிச் சொல்வதில்லை. அர்த்தம் எட்டிப் பிடிக்க முடியாத தூரத்தில் விலகி நிற்கும்போது யாரும் குழம்புவதில்லை. அர்த்தங்கள் உரசிக்கொண்டு நிற்கும் இடங்களில்தான் வீட்டு மொழி காலை வாருகிறது.

'சே', 'டெல்'

இதில் தமிழுக்குத் தோல்வி. நமக்கு எல்லாமே 'சொல்'. 'அவர் எங்கிட்ட சொன்னார்' என்பதை அப்படியே எடுத்துப் போனால் 'ஹீ டோல்ட் டு மீ' என்று ஒரு 'டு' கூடுதலாக வரும், இல்லையென்றால் 'ஹீ செட் மீ' என்று ஒரு 'டு' காணாமல் போகும். 'டெல்'லுக்குப் பின்னால் ஆள் நேரடியாக வர வேண்டும்: 'ஹீ டோல்ட் மீ'. 'சே'க்குப் பின்னால் சொன்ன விஷயம் வரும். ஆளைச் சொல்லியே ஆக வேண்டுமானால் 'டு' வேண்டும்: 'ஹீ செட் டு மீ'.

டெல்லியில் வளர்ந்த பிள்ளைக்கு இது கடினமாக இருக்கவே கூடாது. 'உஸ்னே முஜே பதாயா' என்று தினமும் பேசுகிறது. அங்கே 'முஜே' நேரடியாக நிற்கிறது, அது 'டோல்ட் மீ'. 'உஸ்னே முஜ்ஸே கஹா' என்னும்போது 'ஸே' ஒட்டிக்கொள்கிறது, அது 'செட் டு மீ'. அச்சுப் பிசகாமல் பொருந்துகிறது. சென்னையில் இருக்கும் சித்தி பையனுக்கு இந்த வசதி கிடையாது, அவன் உருப்போட வேண்டியதுதான். உண்மை, பொய், கதை, மணி ஆகியவற்றுக்கு ஆள் இல்லாமலே 'டெல்' வரும் என்பது மட்டும் விதிவிலக்கு.

'ஹியர்', 'லிசன்'

'கேள்' என்ற ஒரே சொல்லை வைத்து நாம் மூன்று வேலை வாங்குகிறோம். சத்தம் காதில் விழுவது, கவனித்துக் கேட்பது, கேள்வி கேட்பது. கேள்விக்கு இந்தியில் 'பூச்னா' தனியாக இருப்பதால் அங்கே 'ஆஸ்க்' பிரச்சினையில்லை. மற்ற இரண்டுக்கும் தமிழிலேயே வழி இருக்கிறது, நாம் கவனிப்பதில்லை. மெட்ரோ சுரங்கத்துக்குள் போனதும் போனில் என்ன கேட்கிறோம்? 'கேக்குதா?' வீட்டில் பாட்டுப் போட்டுவிட்டு உட்கார்ந்தால்? 'பாட்டுக் கேக்கறேன்.' 'எனக்குக் கேக்குது' என்று, நான் ஒன்றும் செய்யாமல் தானாக நடந்தால் 'ஹியர்'. 'நான் கேக்கறேன்' என்று, நானாக உட்கார்ந்து செய்தால் 'லிசன்', கூடவே ஒரு 'டு'. இந்தியிலும் 'முஜே சுனாயீ தியா' என்று இதே 'எனக்கு' கணக்கு உண்டு. ஆகவே இதில் சமநிலை. 'கேக்குதா?'வுக்கு 'ஆர் யூ ஹியரிங் மீ?' வேண்டாம், 'கேன் யூ ஹியர் மீ?' தான் சரி.

கண்ணுக்கும் இதே கணக்கு. 'எனக்குத் தெரியுது' என்பது 'சீ', 'நான் பாக்கறேன்' என்பது 'லுக்'. நடந்துகொண்டே இருப்பதை, மேட்ச் மாதிரி, உட்கார்ந்து பார்த்தால் 'வாட்ச்'.

இரண்டு 'லூஸ்', இரண்டு 'பிரைஸ்'

இது அர்த்தப் பிரச்சினையே இல்லை, காதுப் பிரச்சினை. தொலைப்பதும் 'லூஸ்', தளர்ந்திருப்பதும் 'லூஸ்'. விலையும் 'பிரைஸ்', பரிசும் 'பிரைஸ்'. அறிவுரையும் 'அட்வைஸ்', அறிவுரை சொல்வதும் 'அட்வைஸ்'. தமிழ் எழுத்தில் இப்படி ஒரே மாதிரிதான் எழுத முடிகிறது. அந்த இசட் ஒலி நம்மிடம் இல்லை. போதாக்குறைக்கு 'லூஸு' என்பதற்கு நாமே மூன்றாவது அர்த்தம் வேறு கொடுத்து வைத்திருக்கிறோம்.

டெல்லிக்காரர்களுக்கு இதற்கு ஒரு இலவசப் பாடம் இருக்கிறது. மஞ்சள் லைனும் மஜந்தா லைனும் சந்திக்கும் ஹவுஸ் காஸ் ஸ்டேஷன். தமிழில் எழுதினால் இரண்டு சொல்லும் 'ஸ்' என்று முடிகின்றன. அறிவிப்பைக் கூர்ந்து கேளுங்கள். குளம் என்று பொருள்படும் முதல் சொல்லின் கடைசியில் இசட், தொண்டையில் கைவைத்தால் அதிர்வது தெரியும். 'காஸ்' முடியும்போது அதிர்வு இல்லை, வெறும் காற்று. தொலைப்பதும் பரிசும் அறிவுரை சொல்வதும் முதல் சொல்லைப் போல முடியும். தளர்ந்ததும் விலையும் அறிவுரையும் 'காஸ்' போல முடியும். 'ஜிந்தகி', 'ஜரூர்' என்று நண்பர்களிடம் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் பலருக்கு இந்த ஒலி ஏற்கெனவே நாக்கில் இருக்கிறது. அப்பா அம்மாதான் உட்கார்ந்து பழக வேண்டும்.

எழுத்துக்கூட்டலில் ஒரு வினோதம். தளர்ந்த 'லூஸ்'ஸுக்கு இரண்டு ஓ, தொலைக்கும் 'லூஸ்'ஸுக்கு ஒரே ஓ. சொல்லும்போதோ ஒற்றை ஓ உள்ளதுதான் கொஞ்சம் நீண்டு ஒலிக்கிறது. ஆங்கில எழுத்தை நம்பி உச்சரிக்கப் பார்த்தால் இப்படித்தான்.

மிச்சம் இரண்டு

'லெண்ட்', 'பாரோ': தமிழிலும் இந்தியிலும் கடன் ஒன்றுதான், கொடுப்பதும் வாங்குவதும்தான் வேறு. ஆங்கிலத்தில் 'லெண்ட்' கொடுக்கும் பக்கம், 'பாரோ' வாங்கும் பக்கம். 'கேன் யூ பாரோ மீ 500?' என்று கேட்டால் பணம் கிடைக்கலாம், மதிப்பெண் கிடைக்காது.

'டவுட்', 'க்வெஸ்சன்': வகுப்பில் கைதூக்கி 'ஐ ஹேவ் எ டவுட்' என்பது நாடு முழுக்கப் பழகிய வழக்கு. இந்தியாவுக்குள் அதைத் திருத்துவது வீண் வேலை என்பது என் எண்ணம், எல்லோருக்கும் புரிகிறது. வெளிநாட்டு ஆட்கள் இருக்கும் மீட்டிங்கில் மட்டும் ஜாக்கிரதை. அவர்கள் காதில் அது 'நீங்கள் சொன்னதை நான் நம்பவில்லை' என்கிற மாதிரி விழக்கூடும். அங்கே 'ஐ ஹேவ் எ க்வெஸ்சன்' என்று கேட்டுவிட்டு, கேட்க வந்ததைக் கேளுங்கள்.