ஏழு வருடம் ஒரே கட்டில்: கிரீச் சத்தம் எங்கிருந்து வந்தது, எப்படி நின்றது

2018-இல் திருச்சிக்குக் குடிவந்தபோது வாங்கிய கட்டில் இது. சீஷம் மரம், குயின் அளவு, பிரித்துச் சேர்க்கும் வகை. பக்கச் சட்டங்களைத் தலைமாட்டோடும் கால்மாட்டோடும் பிடிக்க எட்டு போல்ட். மெத்தையைத் தாங்க ரீப்பர்கள் எனும் குறுக்கு மரச் சட்டங்கள், அவற்றுக்கு நடுவில் ஒரு சட்டம், அந்தச் சட்டத்துக்கு ஒரு கால். முதல் எட்டு மாதம் சத்தமே இல்லை. அடுத்த சித்திரையில் ஆரம்பித்தது. அப்போது மகள் கைக்குழந்தை. தூங்கவைத்துவிட்டு மனைவி மெல்ல எழுந்தாலும் கிரீச்சென்று ஒரு இழுப்பு, குழந்தை விழித்துவிடும். அந்தக் கோடையில் நாங்கள் மூன்று பேருமே சரியாகத் தூங்கவில்லை.

நான் முதலில் செய்தது தப்பு. எட்டு போல்ட்டையும் பலம் கொண்ட மட்டும் முறுக்கினேன். இரண்டு வாரம் அமைதி, பிறகு பழையபடி. மறுபடி முறுக்கினேன். அதோடு மூட்டுகளில் தேங்காய் எண்ணெயும் விட்டேன். சில நாள் சத்தம் அடங்கியது. அப்புறம் அந்த எண்ணெயில் தூசி ஒட்டியது, எறும்பும் வந்தது. மர மூட்டில் தயவுசெய்து எண்ணெய் விடாதீர்கள்.

ஐப்பசி மழையில் சத்தம் தானாக நின்றது. சரியாகிவிட்டது என்றே நம்பினோம். பங்குனி வெயில் ஏறியதும் திரும்ப வந்தது. சத்தம் எங்கே பிறக்கிறது என்று உட்கார்ந்து தேடியது அதற்குப் பிறகுதான்.

மெத்தையைத் தரையில் போட்டுப் புரண்டு பார்த்தோம். தென்னைநார் மெத்தை, சத்தம் இல்லை. ஸ்பிரிங் மெத்தை வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் முதலில் பாருங்கள். பிறகு வெறும் கட்டிலை நான் அழுத்த, மனைவி மூட்டு மூட்டாக உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். மூடிய அறையில் காதை நம்ப முடியாது, சத்தம் சுவரில் பட்டு வேறு பக்கம் கேட்கும். இரண்டு பரப்புகள் ஒட்டி ஒட்டி வழுக்குவதால் வருகிற சத்தம் என்பதால், அந்த இடத்தில் கை வைத்தால் அதிர்வு தெரியும். மேலிருந்து அழுத்தியபோது ரீப்பர்கள் சத்தம் போட்டன. பக்கவாட்டில் ஆட்டியபோது தலைமாட்டு இடது மூட்டு. நடுக்கால் தரையைத் தொடவே இல்லை, அடியில் ஒரு அட்டை நுழையும் அளவு இடைவெளி. அதற்கு ஒரு ரப்பர் துண்டு போதுமானதாக இருந்தது.

ரீப்பர் முனைகளிலும் அவை உட்காரும் கட்டையிலும் வெள்ளை மெழுகுவர்த்தியை அழுத்தித் தேய்த்தேன். ஆறேழு மாதம் நன்றாக இருந்தது. நிரந்தரமாக இருக்கட்டும் என்று பழைய சைக்கிள் டியூபை வெட்டி வைத்தேன். ஒரே கோடையில் அது பாலிஷோடு ஒட்டிக்கொண்டது, சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. இப்போது இருப்பது நாற்காலிக் காலுக்கு ஒட்டும் ஃபெல்ட், தடித்த துணி மாதிரி இருக்கும். 2021-இல் ஒட்டியது, இன்னும் மாற்றவில்லை.

தலைமாட்டு மூட்டு மட்டும் எனக்கு அடங்கவில்லை. ஆசாரி ஒருவரை அழைத்தேன். போல்ட்டைக் கழற்றி உள்ளே காட்டினார். கட்டிலோடு வந்த மெல்லிய சின்ன வாஷர் மரத்துக்குள் புதைந்து கிடந்தது. “மழைக்கு மரம் ஊதும் தம்பி, போல்ட்டு ஊதுமா? நீங்க கோடையில இறுக்கி வெச்சா ஊதுற மரம் வாஷர்ல நசுங்கும். அடுத்த கோடையில சுருங்குறப்போ இன்னும் லூசாயிடும்” என்றார். நான் முறுக்க முறுக்க நிலைமை ஏன் மோசமானது என்று அப்போதுதான் புரிந்தது. மரம் நீளவாக்கில் அவ்வளவாக மாறாது, ரேகைக்குக் குறுக்கேதான் ஊதிச் சுருங்கும். தலைமாட்டுக் காலைப் போல்ட் துளைத்துப் போவதும் அந்தக் குறுக்கில்தான்.

புதைந்த இடத்தைச் சமன் செய்து, அகலமான தடித்த வாஷரும் அதன்மேல் ஸ்பிரிங் வாஷரும் போட்டார். மரம் ஊதும்போதும் சுருங்கும்போதும் ஸ்பிரிங் வாஷர் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். ஒரு மூட்டோடு நிறுத்தாமல் எட்டு இடத்திலும் மாற்றச் சொன்னேன். எல்லாவற்றையும் முதலில் பாதி இறுக்கி, கட்டில் நிற்க வேண்டிய இடத்தில் நிறுத்தி, அப்புறம்தான் முழுதாக இறுக்கினார். அதன் பிறகு கட்டிலை இழுத்து நகர்த்துவதே இல்லை, இரண்டு பேராகத் தூக்கித்தான் வைக்கிறோம்.

மரத்தைப் பற்றி எனக்குக் குறையே கிடையாது. இன்னும் விரிசல் இல்லை, வளையவில்லை. இத்தனை கனமான கட்டிலுக்கு அத்தனை மெல்லிய வாஷர் கொடுத்ததுதான் வருத்தம். புதிதாக வாங்குபவர்கள் மாட்டும் அன்றைக்கே நல்ல வாஷராக மாற்றிவிடுங்கள், செலவு மிகக் குறைவு.

2025 பங்குனியிலும் போல்ட் முறுக்கும் ஆலன் கீயை எடுத்துச் சரிபார்த்தேன். எட்டில் இரண்டு போல்ட் மட்டும் கால் சுற்று ஏறின. மற்றவை வைத்தது வைத்தபடி இருந்தன.