பாக்கியை வசூலிக்க வழக்கா, சமரசமா?

திருப்பூரில் மற்றவர்களின் துணிக்குக் கூலிக்குப் பிரிண்டிங் (ஜாப் ஒர்க்) செய்கிறோம். ஷேட் (நிறம்) மாறிவிட்டது என்று ஓர் ஏற்றுமதியாளர் எங்கள் பில்லில் கழிக்கச் சொல்லும் டெபிட் நோட் போட்டு, பில் தொகையை நிறுத்திவிட்டார். நாங்கள் போனது, நடுவில் ஒருவரை வைத்துப் பேசித் தீர்க்கும் சமரசத்துக்கு. யார் கேட்டாலும் முதலில் அதைத்தான் சொல்வேன்.

வழக்கு என்றால் வாய்தா, மேல்முறையீடு, வக்கீல் செலவு; இது தெரிந்த கதை. ஆர்பிட்ரேஷனுக்கு, அதாவது தனி நடுவரிடம் தீர்ப்பு வாங்க, ஒப்பந்தத்தில் ஷரத்தோ இருவரும் எழுதிய தனி உடன்படிக்கையோ இருக்கவேண்டும். டெலிவரி சலானை வைத்தே ஓடும் எங்கள் தொழிலில் பலரிடம் ஒப்பந்தமே கிடையாது. அந்த வழியில் நான் போனதில்லை. மேலும், 3 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ உள்ள வணிக வழக்கில் அவசர நிவாரணம் கேட்காவிட்டால், முதலில் சமரசத்துக்குப் போயே ஆகவேண்டும். வணிக நீதிமன்றங்கள் சட்டத்தின் 12ஏ பிரிவு சொல்வது அது; 2022இல் உச்ச நீதிமன்றமும் கட்டாயம் என்று உறுதி செய்தது.

சரி, பேசி முடித்த பிறகு பணம் வருமா? எல்லோரும் தயங்குவது இங்கேதான். இந்தப் பிரிவின்கீழ் கையெழுத்தான உடன்பாட்டுக்கு ஆர்பிட்ரேஷன் தீர்ப்பின் மதிப்பு உண்டு. எதிர்த்தரப்பு ஏமாற்றினால் புதிதாக வழக்குப் போடவேண்டாம், உடன்பாட்டை அமல்படுத்தச் சொல்லி நேரே நீதிமன்றத்தில் நிறைவேற்று மனுதான். ஆனால் உடன்பாட்டை எழுதும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. பேச்சை நடத்திய சமரசர் இரு தரப்பிடமும் தனித்தனியாகப் பேசிய பிறகுதான், சரக்கை வாங்கும் வெளிநாட்டு பையர் அந்த ஏற்றுமதியாளருக்கும் பணத்தை நிறுத்தியிருப்பது தெரிந்தது. அதனால் கொஞ்சம் தள்ளுபடி கொடுத்து, தவணைக்கு ஒத்துக்கொண்டோம். ஒவ்வொரு தவணைக்கும் தேதி, தொகை, செக் நம்பர் எழுதினோம். அதற்குக் கீழே எங்கள் வக்கீல் ஒரு வரி சேர்த்தார்: ஒரு தவணை தவறினாலும் தள்ளுபடி ரத்து, மீதி முழுவதும் வட்டியோடு உடனே தரவேண்டும். அந்த வரி இல்லாமல் யாரும் கையெழுத்துப் போடாதீர்கள். டெபிட் நோட்டை ரத்து செய்வதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். அடுத்த சீசன் வேலையைக்கூட அங்கே பேசலாம். நீதிமன்றத் தீர்ப்பில் அதற்கு இடமில்லை.

எதிர்த்தரப்பு வரவே இல்லையென்றால் சமரசம் நடக்கவில்லை என்ற அறிக்கைதான் கிடைக்கும், அப்புறம் வழக்குதான். பார்ட்டி சொத்தை விற்கப் பார்க்கிறார் என்று தெரிந்தால் காத்திருக்காமல் தடை கேட்டு நீதிமன்றம் போங்கள். உத்யம் என்ற அரசுப் பதிவு உள்ள குறு, சிறு நிறுவனங்களுக்கு, நிலுவைப் பணப் புகாரை விசாரிக்கும் வசதியாக்கக் குழுமமும் இருக்கிறது. அங்கேயும் முதலில் சமரசப் பேச்சுதான், தாமத வட்டி ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல் மூன்று மடங்கு.