பியூட்டிஃபுல் பாய்: விமர்சகர்கள் சொன்ன குறையும் சொல்லாமல் விட்டதும்

2018 செப்டம்பரில் டொராண்டோ திரைப்பட விழாவில் முதன்முதலாகத் திரையிடப்பட்ட ‘பியூட்டிஃபுல் பாய்’ படத்துக்கு அன்று வந்த மதிப்புரைகளைப் படித்தால், நடிப்பைப் பாராட்டாதவர்கள் அரிது. படத்தை முழுமனதோடு ஏற்றுக்கொண்டவர்களும் அதிகமில்லை. போதைப் பழக்கத்தில் சிக்கிய மகன் நிக்காக நடித்த டிமதி ஷாலமேக்கு கோல்டன் குளோப், பாஃப்டா விருதுகள் இரண்டிலும் சிறந்த துணை நடிகருக்கான பரிந்துரை கிடைத்தது. ஆஸ்கர் பட்டியலில் மட்டும் அவர் பெயர் விடுபட்டுப்போனது.

பத்திரிகையாளர் டேவிட் ஷெஃபும் அவருடைய மகன் நிக்கும் 2008இல் தனித்தனியே வெளியிட்ட இரண்டு நினைவு நூல்களை ஒன்றாகப் பின்னி, லூக் டேவிஸும் பெல்ஜிய இயக்குநர் ஃபெலிக்ஸ் வான் க்ரோனிங்கனும் திரைக்கதை எழுதியிருக்கிறார்கள். கலிபோர்னியாவின் மரின் கவுண்டியில் மரங்கள் சூழ்ந்த, வசதிக்குக் குறைவில்லாத வீடு. வாசிப்பும் எழுத்துமாக வளர்ந்த கெட்டிக்காரப் பையன். பிறகு கிறிஸ்டல் மெத் என்ற போதைப்பொருள்.

மறுவாழ்வு மையம், கொஞ்ச காலத் தெளிவு, மறுபடி சறுக்கல், மறுபடியும் மையம் என்று படம் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வருவதாகவும், காலம் முன்னும் பின்னுமாகத் தாவுவது சோர்வு தருவதாகவும் பலர் குறைப்பட்டுக்கொண்டார்கள். இந்தக் குற்றச்சாட்டை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தப் பழக்கத்தின் போக்கே அப்படித்தான். ஒரே சிகிச்சையில் தெளிந்து வீடு திரும்பும் பையனைக் காட்டியிருந்தால் அதுதான் பொய்யாக இருந்திருக்கும். உணவகத்தில் அப்பாவும் மகனும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் காட்சியைப் பாருங்கள். நிக் குழைகிறான், பணம் கேட்கிறான், அப்பா மறுத்ததும் சீறுகிறான்; அந்தச் சில நிமிடங்களில் பேசுவது மகனா, அவனுக்குள் இருக்கும் போதையா என்று பிரித்தறிய முடியாமல் அப்பாவாக வரும் ஸ்டீவ் கேரல் விழிக்கும் விழிப்பு, பக்கம் பக்கமான வசனத்துக்குச் சமம்.

உண்மையான குறை இசையில் இருக்கிறது. நிர்வாணா ராக் இசைக்குழுவிலிருந்து பாடகர் நீல் யங் வரை அடுத்தடுத்துப் பாடல்கள் வந்து, நாம் என்ன உணர வேண்டும் என்பதை நமக்கு முன்பே சொல்லிவிடுகின்றன. (இதைச் சில விமர்சகர்களும் சுட்டினார்கள், அவர்களோடு எனக்கு முழு உடன்பாடு.) அதைவிடப் பெரிய குறை, இரண்டு நூல்களில் அப்பாவுடையதே படத்தை ஆள்கிறது என்பது. நிக் போதைப்பொருளைத் தேடித் தெருவில் அலைந்த நாட்களைவிட, அவன் எங்கே இருக்கிறான் என்று அப்பா தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்களே நம் மனதில் தங்குகின்றன. பையன் கடைசிவரை வெளியிலிருந்து பார்க்கப்படுபவனாகவே இருந்துவிடுகிறான்.

மதிப்புரைகள் போதிய இடம் தராத ஒருவர், சிற்றன்னை கேரனாக வரும் மோரா டியர்னி. தங்கள் வீட்டிலேயே திருட வந்து தப்பியோடும் நிக்கின் காரை அவர் தன் காரில் துரத்திப்போய், ஒரு கட்டத்தில் தாங்க முடியாமல் நிறுத்திவிட்டு அழுகிறார். துரத்தியது கோபத்திலா, பாசத்திலா என்று படம் சொல்வதில்லை, அவருக்கும் தெரிந்திருக்காது.

பெயர்ப்பட்டியல் ஓடத் தொடங்கியதும் அணைத்துவிடாதீர்கள். சார்ல்ஸ் புக்கோவ்ஸ்கியின் கவிதையொன்றை ஷாலமே அதன்மேல் வாசிக்கிறார். இரண்டு மணி நேரத்தில் நிக்குக்குக் கிடைக்காத தனிக்குரல், எல்லோரும் எழுந்து போகும் அந்த நேரத்தில்தான் கேட்கிறது.